கல் கலைத்த வீடு

புதிதாக வந்த மஞ்சள் மீன், தொட்டியின் மேல்மூலையில், ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருந்த இடுக்கில் தலை மேலாக நின்றுகொண்டிருந்தது. அப்படி நிற்கிற மீன் தேறுவது கஷ்டம். லிஃப்ட் மெக்கானிக்குக்கு அது தெரியும் என்பதால்தான் சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி தொட்டியின் முன்னால் உட்கார்ந்துவிட்டான். மீனின் வாலோரம் கிழிந்து நூல் நூலாகத் தொங்கியது. கடையிலிருந்து பாலிதீன் பையில் வந்தபோது எலுமிச்சம்பழம் போலப் பளிச்சென்று இருந்த உடம்பு, ஒரே ராத்திரியில் பழைய தலையணை உறையின் நிறத்துக்கு வந்திருந்தது.

கீழே, கற்குவியலின் பெரிய பொந்து வாசலில் தாதா நின்றது. கருநீலப் பட்டை போட்ட ஆண் மீன். அதற்கு தாதா என்று பெயர் வைத்தது மெக்கானிக்கின் மனைவி. தொட்டியில் எந்தக் கல் யாருடையது, எந்த மணல் யார் படுக்கை, சாப்பாடு விழுந்தால் முதல் வாய் யாருடையது என்பதெல்லாம் தாதாவின் தீர்ப்பு.

"என்னங்க, ஒரு கைய மட்டும் வேலைக்கு அனுப்பப் போறீங்களா?" என்றாள் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"மஞ்சள் சாப்பிடல."

"நீங்களுந்தான் சாப்பிடல. நான் என்ன கண்ணாடி முன்னால உக்காந்து அழுதனா?"

கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அந்தப் பய இன்னும் அடிக்கிறானா?"

"அடிக்கிறாம்ப்பா."

"கேட்டுச்சு, கேட்டுச்சு. விடிய விடிய தண்ணி தெறிச்சுது. டிக்கெட் இல்லாதவன வண்டிய விட்டு இறக்குற மாதிரியில்ல துரத்துறான். என் சர்வீஸ்ல அவன மாதிரி ஒரு ஆள் எனக்குக் கீழ கிடைக்கல."

அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓடுகிற வண்டியில் எதையும் பிடிக்காமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடப்பேன் என்று இன்றைக்கும் பீற்றிக்கொள்வார். இப்போது கண்ணில் வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும் தெரிகிறது. ஆனால் வீட்டுக்குள் யாரும் அவர் கையைப் பிடிக்கக் கூடாது. எழுந்ததும் வலது கை நாற்காலியின் முதுகைத் தொடும். அங்கிருந்து இடது கை தையல் மெஷினின் சக்கரத்தைத் தொடும். அப்புறம் மீன்தொட்டி. ஹீட்டர் போட்டிருப்பதால் அதன் கண்ணாடி எப்போதும் இளஞ்சூடாக இருக்கும், ஃபில்டர் முனகிக்கொண்டே இருக்கும். தொட்டியைத் தாண்டினால் குளியலறைக் கதவு. தொட்டிக் கண்ணாடியில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, அவர் உள்ளங்கைத் தடங்கள் வரிசையாக விழுந்திருக்கும். மனைவி ஈரத்துணியால் துடைப்பாள். மறுநாள் மறுபடி விழுந்திருக்கும்.

ஆப்பிரிக்காவில் கடல் மாதிரி ஓர் ஏரி இருக்கிறதாம். கரையெல்லாம் பாறை. பாறைக்குப் பாறை ஒரு நிறத்தில் மீன். மெக்கானிக் அதைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறான். அந்த ஏரியின் தண்ணீரைப் போலவே இந்தக் கட்டடத்துக் குழாயில் வருவதும் சுண்ணாம்புத் தண்ணீர். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும், துணி விறைத்துப் போகும், சோப்பு நுரைக்காது. வீடே திட்டுகிற அந்தத் தண்ணீர் மீன்களுக்கு மட்டும் பிடித்திருந்தது. வேலையிலிருந்து வந்து கைக் கிரீஸைக் கழுவிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தால், தான் அந்த ஏரியின் அடியில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருப்பதாக அவனுக்குத் தோன்றும். வீட்டில் பேசுவது மேலே ஏதோ படகில் பேசுவது மாதிரிக் கேட்கும்.

கொஞ்ச நாளாக அப்படிக் கேட்கவில்லை. தங்கை வந்ததிலிருந்து பேச்சு பக்கத்திலேயே கேட்டது.

அவள் ஒரு மழைநாளில் ஒரே ஒரு பையோடு வந்து நின்றாள். இடது மணிக்கட்டு வீங்கி, நகம் வரை நீலம் பாய்ந்திருந்தது. "கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு" என்றாள். யாரும் நம்பவில்லை, யாரும் மறுத்துப் பேசவும் இல்லை. கதவு இடுக்கில் மாட்டிய கையில் விரல் விரலாகத் தடம் இருக்காது. சாயங்காலமானால் அவள் புருஷன் போன் செய்வான். அவள் எடுக்க மாட்டாள். போன் பைக்குள்ளேயே அடித்து அடித்து ஓயும். பையை அவள் இன்னும் பிரித்து அடுக்கவில்லை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் பையை வைத்து, பக்கத்திலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஹீட்டருக்குப் பின்னால் மஞ்சள் மீன் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் மெக்கானிக்குக்கு அந்த மூலை ஞாபகம் வரும். அந்த மூலையைப் பார்க்கும்போது மீன்.

கல்யாணத்துக்கு முன்னால் இந்தச் சமையலறையை ஆண்டவள் அவள்தான். அம்மா போன பிறகு அம்மா வைத்த இடத்தில்தான் எதையும் வைத்தாள். இப்போதும் கை தானாக அங்கேதான் போனது. சர்க்கரை டப்பாவை மேல்தட்டில் வைப்பாள். அண்ணி கீழ்த்தட்டுக்கு இறக்குவாள். இவள் மறுபடி ஏற்றுவாள். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டப்பா மட்டும் லிஃப்ட் மாதிரி மேலும் கீழும் போய்வந்தது.

சண்டை வெடித்தது தையல் மெஷினால். ஜன்னலோரம் இப்போது மெஷின் நிற்கிற இடத்தில்தான் முன்பு தங்கையின் படுக்கை இருந்தது. ஒருநாள் மத்தியானம் அவள் அங்கே உட்கார்ந்து வெளியே பார்த்தபடி சும்மா பெடலை மிதித்துக்கொண்டிருந்தாள். ஊசிக்கடியில் துணி இல்லை. சமையலறையிலிருந்து அண்ணி பாய்ந்து வந்தாள்.

"துணி இல்லாம ஓட்டுறியே, ஊசியும் போச்சு, துணிய நகத்துற பல்லும் போச்சு! இதுல என் பொழப்பு இருக்கு. கைகால அடக்கி உக்காரத் தெரியாதா?"

"தெரியாம மிதிச்சிட்டேன் அண்ணி. அதுக்கு ஏன் ஊருக்குக் கேக்கற மாதிரி கத்தறீங்க?"

"உனக்குக் கேக்கற மாதிரிதான் கத்தினேன். மெதுவாச் சொன்னா உனக்கு எங்க கேக்குது? சக்கரை டப்பா பத்தி எத்தன நாளா மெதுவாச் சொல்றேன்?"

"எப்ப சொன்னீங்க?"

"எடுத்து எடுத்து வச்சேனே, அது என்ன, பொழுதுபோக்கா?"

"அது எங்கம்மா வச்ச இடம்."

"உங்கம்மா உயரமா இருந்திருப்பாங்க. எனக்கு எட்டல!"

அன்றைக்குச் சாயங்காலம் தங்கை அண்ணனைத் தனியாகப் பிடித்தாள். அவன் தொட்டியில் மீன் தீனியை, பச்சைத் துகளை, தூவிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, சொல்லிட்டேன். இன்னொரு தடவ என்னால இந்த வீட்ல சண்டைன்னு வந்துச்சுன்னா நான் அங்கயே போயிடுவேன்."

"எங்க?"

"எங்கயா? என்னைக் கட்டிக் குடுத்த வீட்டுக்கு."

"உன் கையைப் பாத்தியா?"

"கை ஆறிடும். அங்க அடி விழுந்தாலும் என் அடுப்பு எதுன்னு எனக்குத் தெரியும். இங்க எது என் இடம்னு நீயே சொல்லு."

அவன் கையிலிருந்து துகள் மொத்தமாகக் கொட்டிவிட்டது.

மறுநாள் ஓர் அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், மெஷின் அறையில், பிரேக்கைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெயிலில் தகரக் கூரை படபடவென்று பேசியது. லிஃப்ட் வேலையில் பாதி வேலை காதுக்கு. கயிறு கப்பியில் உட்காரும் சத்தம், பிரேக் பிடிக்கும் சத்தம், தளத்துக்குத் தளம் கதவு பூட்டும் 'டக்'. ஒரு 'டக்' அரை நொடி தாமதித்தால்கூட ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவான். அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் கேட்டது. அப்படியும் எங்கேயோ ஒரு கதவு பூட்டாமல் கிடப்பது போலவே இருந்தது. இப்போது வீட்டில் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்? பேசாமல் இருப்பார்களா? எது மோசம்?

திரும்பும் வழியில் மீன்கடைக்குள் நுழைந்தான். கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு குழாயை வாயால் உறிஞ்சி, தண்ணீர் வரும் முன் சட்டென்று பக்கெட்டில் விட்டார். பாதி நாள் அந்தச் 'சட்டென்று' தவறிவிடும்.

"மஞ்சள் செத்துரும் போலிருக்கு" என்றான் மெக்கானிக்.

"எங்க நிக்குது?"

"ஹீட்டர் பின்னால."

"வாலு?"

"கிழிஞ்சிருச்சு."

கடைக்காரர் துப்பிவிட்டு வாயைத் துடைத்தார். "மீன எப்படி விட்டீங்க? அப்படியே பைய அவுத்து கொட்டினீங்களா?"

"ஆமா."

"தப்பு உங்க மேல சார். உள்ள இருக்கறவன் ஒவ்வொருத்தனும் பட்டா போட்டு வச்சிருக்கான். புதுசா வர்றது எங்க ஒதுங்கினாலும் அடுத்தவன் நெலம். அடிக்காம என்ன செய்வான்? மொதல்ல கல்ல கலைங்க."

"கல்லையா?"

"மொத்தக் கல்லையும். எதையும் பழைய எடத்துல வைக்காதீங்க. லைட்ட அணைச்சிருங்க. கண்ணத் தொறந்து பாத்தா தாதாவுக்கே அவன் வீடு எதுன்னு தெரியக் கூடாது. எல்லாரும் புதுசு. எல்லாரும் வீடு தேடிட்டு இருக்கறப்ப யாரு யாரத் துரத்துவான்? துரத்த நேரம் ஏது?"

"வேலை செய்யுமா?"

"எனக்குக் கல்யாணமான மூணாம் மாசம் வாடகை வீடு மாறினேன். அதுவரைக்கும் எங்கம்மாவும் என் பொண்டாட்டியும் கீரியும் பாம்புந்தான். அட்டப்பெட்டி பிரிக்கறதுலயே ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்க. இப்ப ரெண்டும் சேந்து என்னைக் கொத்துது. அது வேற கத."

அன்றைக்கே முழங்கை வரை தொட்டிக்குள் விட்டுக் கற்களைக் கலைத்தான். தண்ணீர் கலங்கிப் பாலானது. விளக்கை அணைத்துத் துண்டைப் போட்டு மூடினான். காலையில் முதல் வேலையாகத் துண்டை எடுத்தான். ஹீட்டருக்குப் பின்னால் யாரும் இல்லை. செத்துக் கிடக்கிறதா என்று மணலைத் தேடினான். மஞ்சள், ஒரு தட்டைக் கல்லின் கீழே, உடம்பை நேராக வைத்து நீந்திக்கொண்டிருந்தது. அதைத் தாண்டித் தாதா போனது, வந்தது. வழி தெரியாமல் சுற்றிவிட்டு வந்தவனைப் போல ஒவ்வொரு கல்லாக முகர்ந்தது. மஞ்சளை அது பார்க்கக்கூட இல்லை.

மெக்கானிக் தொட்டியைப் பார்த்தான். திரும்பி வீட்டைப் பார்த்தான். நாற்காலி, ஜன்னலோர மெஷின், பீரோ, பீரோ மூலையில் தங்கையின் பை. அந்த யோசனை அவனுக்குள் வந்து உட்கார்ந்தது அப்போதுதான். ஓர் ஏற்பாட்டை முழுதாக நினைத்துப் பார்க்கும் முன்பே அதில் மயங்கிவிடுகிற ஆள் அவன்.

ஒரு நாள் வாய்த்தது. மனைவி தைத்து முடித்த பள்ளிச் சீருடைகளை மூட்டை கட்டிக்கொண்டு ஊரின் மறுகோடிக் கடைக்குப் போனாள். தங்கை ஒரு சலவை நிலையத்தில் வேலை கேட்கப் போனாள். அரைநாள் துணி மடித்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். அப்பாவை அவன் கீழ்த்தளத்து முடிதிருத்தும் கடையில் கொண்டுபோய் விட்டான். டிக்கெட் இல்லாப் பயணிகளின் கதைகளைச் சொல்லச் சொல்லி அங்கே அவரைக் காலை முழுக்க உட்கார வைத்துக்கொள்வார்கள்.

மேசை, பீரோ கால்களுக்கடியில் சோப்பைத் தேய்த்தான். கனத்தை நகர்த்துவது அவன் தொழில். மெஷின் ஜன்னலை விட்டு எதிர்ச்சுவருக்குப் போனது. பீரோ குறுக்கே திரும்பியது. பீரோ மூலை என்று ஒன்று இல்லாமலே போனது. நாற்காலி சமையலறை வாசலுக்கு. அப்பாவின் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டான், பாவம் அவருக்குக் காற்று வரட்டும். டப்பாக்களை அம்மா வைத்த இடத்திலும் வைக்கவில்லை, மனைவி வைத்த இடத்திலும் வைக்கவில்லை. துணிக்கொடியைக்கூட அவிழ்த்து வேறு ஆணியில் கட்டினான். தண்ணீர் நிறைந்த தொட்டியை மட்டும் அசைக்க முடியாது. அது அங்கேயே நின்றது.

முதலில் வந்தது தங்கை. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணா… திருடன் வந்தானா?"

"இல்ல."

"திருடன்கூட இவ்வளவு அடுக்கி வச்சிட்டுப் போக மாட்டான். என்ன இது?"

அதற்குள் மனைவியும் வந்துவிட்டாள். காலி மூட்டைத் துணி கையிலிருந்து நழுவியது. "என் மெஷின் எங்க? ஐயோ, வெளிச்சமே இல்லாத எடத்துல… யாரு நகத்தினது? இவளா?"

"நானே இப்பதான் வர்றேன் அண்ணி. உங்க புருஷனக் கேளுங்க."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவனைப் பார்த்தார்கள். அப்படி ஒரே நேரத்தில் அவர்கள் எதையும் பார்த்து அவன் பார்த்ததில்லை.

"கல்லைக் கலைச்சேன்" என்றான்.

"எந்தக் கல்லை?"

"சும்மா… ஒரு மாறுதலுக்கு."

மனைவி அடுப்படிக்குப் போனாள். டீ போடத் தண்ணீர் வைத்துவிட்டு இடமும் வலமும் பார்த்தாள். "சக்கரை எங்கடி?"

"கீழ இல்லையா?"

"கீழ இல்ல. உங்கம்மா எடத்துல இருக்கா பாரு."

"அங்க வெங்காயம் இருக்கு அண்ணி."

"வெங்காயத்த அங்க யாராவது வைப்பாங்களா? உங்க அண்ணனுக்கு மண்டைக்குள்ள தண்ணி ஏறிடுச்சு."

"எப்பவும் இருந்த தண்ணிதான் அண்ணி. இப்ப கரை ஒடஞ்சிருக்கு."

மனைவி சிரித்தாள். கை நிறைய டப்பாக்களோடு, நிஜமாகவே சிரித்தாள். இரண்டு பேரும் மூடி மூடியாகத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டு சர்க்கரையைத் தேடினார்கள். மெக்கானிக் தொட்டியின் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தான். யாரும் யாரையும் துரத்தவில்லை. துரத்த நேரம் இல்லை.

அப்போதுதான் முடிதிருத்துபவர் அப்பாவை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, "ஐயா வந்தாச்சு!" என்று குரல் கொடுத்துவிட்டு இறங்கினார். வாசலுக்கு மேல் அப்பா யார் கையையும் பிடிக்க மாட்டார் என்று அவருக்கும் தெரியும்.

வழித்த முகத்தில் பவுடர் வாசனையோடு அப்பா உள்ளே வந்தார். "டீ வாசன வருதே, எனக்கும் சேத்துத்தானே?" என்றார். வலது கையை நீட்டினார். நாற்காலி இல்லை.

இன்னும் ஓர் எட்டு வைத்து இடது கையை நீட்டினார். சக்கரம் இல்லை.

இரண்டு கைகளையும் நீட்டியபடி அப்பா நின்றார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, இறங்க மறந்துபோய். "டேய்" என்றார் மெல்ல. "இது யாரு வீடு?"

அந்த நிமிஷம் வரை அவன் அப்பாவைப் பற்றி நினைக்கவே இல்லை. இடத்துக்காகச் சண்டை போட்டவர்கள் இரண்டு பேர், அவர்களைத்தான் நினைத்தான். அப்பா யாரோடும் சண்டை போட்டதில்லை.

"அப்பா, நில்லுங்க, நகராதீங்க!" என்று கத்தினான். குரல் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்ததில் அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். கால் கட்டில் சட்டத்தில் இடித்தது. விழுந்தார். ஜன்னல் விளிம்பில் நெற்றி பட்ட சத்தம், கதவு பூட்டும் சத்தம் போலவே இருந்தது.

புருவத்துக்கு மேல் தையல் போட்டுக் கூட்டிவந்தார்கள். அன்றைக்கே மெக்கானிக் எல்லாவற்றையும் பழையபடி இழுத்துப் போட்டான். அப்பா ஒரே ஒரு தடவை எழுந்து பார்த்தார். நாற்காலி முதுகு விரலுக்கு ஓர் அங்குலம் தள்ளி இருந்தது. கை காற்றில் விழுந்தது. அவர் பின்னால் நகர்ந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"இப்ப சரியா வச்சிட்டேம்ப்பா. தொட்டுப் பாருங்க."

"நேத்து இருந்தது இன்னைக்கு இல்ல. நாளைக்கு எது இருக்கும்னு நான் எப்படிக் கண்டேன்?"

அதற்கப்புறம் அவர் எழவில்லை. ஒன்றுக்குப் போகவும் பாத்திரம் கேட்டார். இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஓடுகிற வண்டியில் முதல்முறை ஏறியவர் மாதிரி. தாதா தண்ணீரைத் தெறிக்கவிட்டாலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்தால் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே சாப்பிட்டார்.

பயந்துபோன வீட்டில் பேச்சு எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. ஒருநாள் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்த மனைவி, தரையில் ஈரம் கிடப்பதைப் பார்த்து யாரையோ கேட்பது போலக் கேட்டாள். "இத யாரு துடைக்கிறது? எல்லாம் நானேதானா?"

"நான் துடைக்கிறேன் அண்ணி."

"வேணாம் வேணாம். நீ துடைச்சா அப்புறம் அதுக்கு ஒரு பஞ்சாயத்து. நீ வர்றதுக்கு முன்னால இந்த வீட்ல ஒரு நாற்காலி நகந்தது இல்ல."

சொல்லி முடித்ததும் அவளே வாயை மூடிக்கொண்டாள். தங்கை துடைத்து முடித்தாள், துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். அன்று சாயங்காலம் போன் அடித்தபோது எடுத்தாள்.

மறுநாள் பொழுது சாயும் நேரம். மெக்கானிக் வேலையிலிருந்து வந்து படியேறும்போதே ஜிப் இழுக்கும் சத்தம் கேட்டது. உள்ளே தங்கை பையின் முன்னால் மண்டியிட்டிருந்தாள்.

"அவர்கிட்ட சொல்லிட்டேன். பஸ் ஸ்டாப்புல வந்து நிக்கறேன்னாரு."

"சலவைக் கடையில வேலைக்கு வரச் சொன்னாங்கன்னு சொன்னியே?"

"வேற ஆள் பாத்துப்பாங்க."

"என் தப்பு இது. உன் தப்பு இல்ல. நான் மீனுக்குச் செஞ்சத…"

"தெரியும்ணா. நீ சொன்னத மீன்கடைக்காரர் கீழ யாருகிட்டயோ சொல்லிச் சிரிச்சாராம்." அவளும் சிரிக்கப் பார்த்தாள். "நீ நல்லதுக்குத்தான் செஞ்ச. எனக்கு நல்லது செய்யப் போயித்தான் அப்பா இப்படி உக்காந்திருக்காரு."

மனைவி மெஷின் பக்கத்தில் நின்று ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் துளையில் நுழையவே இல்லை. எச்சில் தொட்டாள், முனையை வெட்டினாள், மறுபடி கோத்தாள். போகாதே என்று அவள் சொல்வாள் என்று மெக்கானிக் காத்திருந்தான். அவள் வாயில் நூல் இருந்தது.

தங்கை பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். வீக்கம் வடிந்த கையில்தான் தூக்கினாள். வாசல் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள்.

கட்டில் கிரீச்சிட்டது.

அப்பா எழுந்து நின்றிருந்தார். நாற்காலியைத் தேடவில்லை. தலையைச் சாய்த்து ஃபில்டரின் முனகலைக் கேட்டார். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு அதை நோக்கி நேராக நடந்தார், குறுக்கே, எதையும் தொடாமல். மெக்கானிக் ஓடிப் பிடிக்கப் போனான். மனைவி அவன் சட்டையைப் பற்றி நிறுத்தினாள். அப்பாவின் உள்ளங்கை தொட்டிக் கண்ணாடியில் பட்டது. கொஞ்ச நேரம் அந்தச் சூட்டில் கையை வைத்திருந்தார்.

"இது நகரல" என்றார். பிறகு, "வாசல்ல யாரு?"

"நாந்தாம்ப்பா."

"பையோடயா?"

"…ஆமாப்பா."

"எனக்கு பாத்ரூம் போகணும்."

"இந்தா பக்கத்துலதாம்ப்பா கதவு. தொட்டியத் தாண்டினா…"

"போறது தெரியும். திரும்பி வரணுமில்ல? நாற்காலி இருந்த எடத்துல வந்து நில்லு."

"நாற்காலியே அங்கதாம்ப்பா இருக்கு."

"அத நம்ப மாட்டேன். அது சொல்லாம நகருது. நீ நகந்தா சத்தம் கேக்கும்."

"அப்பா, எனக்கு நேரமாகுது."

"எனக்குந்தான். வயசாயிடுச்சு, ரொம்ப அடக்க முடியாது."

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அவன் நாற்காலியை இழுத்து ஒதுக்கினான். அவள் பையோடு வந்து நின்றாள்.

"அங்க இல்ல" என்றாள் மனைவி, நூலைத் துப்பிவிட்டு. வந்து அவள் தோளைப் பிடித்து அரை எட்டு இழுத்தாள். "இங்க. டைல்ஸ்ல விரிசல் இருக்கு பாரு, அதுமேல இருந்துச்சு முன்காலு."

"மெஷின்?" என்றார் அப்பா.

"நான் நிக்கறேன் மாமா." மெஷினை முதுகால் தள்ளிவிட்டு அதன் முன்னால், சக்கரம் இருந்த பழைய இடத்தில் மனைவி நின்றாள். "இடது கைய நீட்டுங்க. எட்டுதா?"

அப்பா நீட்டினார். அவள் முழங்கை கிடைத்தது. "கொஞ்சம் தடிச்சிருச்சு மெஷினு" என்றார். பல நாளைக்கப்புறம் அவர் சொன்ன முதல் கிண்டல். "அப்படியே நில்லுங்க. ஒருத்தரும் அசையக் கூடாது." தொட்டியைத் தடவிக்கொண்டே போய்க் குளியலறைக் கதவைத் திறந்தார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அவர் தாழ்ப்பாள் போட்டு நாளாகியிருந்தது.

இரண்டு பெண்களும் கைநீட்டும் தூரத்தில் நின்றார்கள். கண்ணாடியில் புதிதாக விழுந்த உள்ளங்கைத் தடத்தின் பின்னால் தாதா வந்து மூக்கை வைத்து முட்டியது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் வந்து நின்று, கதவு திறந்து, மூடிப் போனது. மெக்கானிக்குக்கு அது ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது.

பைக்குள்ளே போன் அடித்தது.

தங்கையின் தோள் ஒடுங்கியது. கால் அசையவில்லை. அசையக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. மனைவி இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, பையை அவள் விரல்களிலிருந்து வாங்கினாள். ஒவ்வொரு விரலாகத்தான் வாங்க வேண்டியிருந்தது. தன் பின்னால், மெஷினுக்கடியில், வேறு யாரும் ஒரு துண்டுத் துணிகூட வைக்கக் கூடாத இடத்தில் பையைத் தள்ளினாள்.

அங்கிருந்தும் அது அடித்தது.

மனைவி ஒரு காலைப் பின்னால் நீட்டிப் பெடலில் வைத்தாள். பார்க்காமலே சக்கரத்தை ஒரு சுண்டு சுண்டி மிதித்தாள். ஊசிக்கடியில் துணி இல்லை. இரும்பு இரும்பில் தடதடவென்று அடிக்க, மெஷின் வீடே அதிரும்படி வெறுமனே ஓடியது.

"அண்ணி, ஊசி…" என்றாள் தங்கை.

"ஊசி போனாப் போகுது. நீ நில்லு."

அந்த இரைச்சலில் போன் எப்போது ஓய்ந்தது என்று காதால் பிழைக்கிற மெக்கானிக்குக்கே தெரியவில்லை. மனைவி மிதிப்பதை நிறுத்தவில்லை. உள்ளே குழாய் மூடும் சத்தம், தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

"என்னடி அது, வண்டி கிளம்பிடுச்சா?" அப்பாவின் கை கதவைத் தாண்டி முதலில் வெளியே வந்தது, காற்றில் துழாவியது. "நாற்காலி இருக்கா?"

தங்கை தோளை நிமிர்த்தி, விரிசலின் மேல் காலை அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

"இருக்கேம்ப்பா."